அரசாங்க எஞ்சினியர் வேலை எட்டாக் கனியா?

"கவர்மெண்டு வேலையெல்லாம் நமக்கு எங்கய்யா கொடுக்கப் போறான்?"

தோட்டத்துப் பிள்ளை ஒன்று பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்து, அரசாங்க வேலைக்கு மனுப் போடலாமா என்று வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுவது இந்தக் கேள்விதான். அப்பா கேட்பார். அப்பா கேட்காவிட்டால் பக்கத்து லயத்து மாமா கேட்பார். மாமாவும் சும்மா இருந்தால் காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பார்கள். பிள்ளையும் நாலு நாள் யோசித்துவிட்டு, பட்டணத்துத் தொழிற்சாலையில் சிப்டு வேலைக்குப் பஸ் ஏறிவிடும். மனுப் போடவில்லை, சோதனை எழுதவில்லை, ஆகவே தோற்கவும் இல்லை. ஆனால் வேலை போனது போனதுதான்.

இந்த நாட்டில் சாலை போட்டவர்கள், இரயில் பாதை போட்டவர்கள் யார் என்று நாம் மேடைக்கு மேடை பேசுகிறோம். உண்மைதான். பொதுப்பணி இலாகா 1872-இல் தொடங்கியது. அந்த இலாகாவின் வேலையில் நம் பாட்டன்மார் கல் உடைத்தார்கள், தார் ஊற்றினார்கள், கால்வாய் வெட்டினார்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் வேறொருவர். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த வரைபடம் நம் தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கு வருவது அரிதாகவே இருக்கிறது. ஏன்?

காரணம் முழுக்க நம்மிடம்தான் என்று சொல்ல நாம் தயாராக இல்லை. நாட்டு மக்களில் இந்தியர் நூற்றுக்கு ஆறேழு பேர். அரசு ஊழியர்களில் அந்த அளவு இல்லை. 2017 ஏப்ரலில் வெளியிடப்பட்ட மலேசிய இந்தியர் பெருந்திட்டமே, அரசுப் பணியில் நம்மவர் 7 விழுக்காடு ஆக வேண்டும் என்று குறி வைத்தது. அப்படிக் குறி வைக்க நேர்ந்ததே குறைக்குச் சாட்சி. அரசியலமைப்பின் 153-ஆவது விதி மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் அரசுப் பணியில் நியாயமான பங்கை ஒதுக்க வகை செய்கிறது. அதே அரசியலமைப்பின் 136-ஆவது விதி, ஒரே தரத்தில் வேலை செய்யும் அரசு ஊழியர்கள் எந்த இனத்தவராயினும் பாரபட்சமின்றி நடத்தப்பட வேண்டும் என்கிறது. இரண்டும் சட்டம். இரண்டையும் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "ஏன் எங்கள் பிள்ளைகளை எடுக்கவில்லை?" என்று நம் பிரதிநிதிகள் கேட்கும்போதெல்லாம், விண்ணப்பிப்போரே குறைவு என்பதுதான் அதிகாரத் தரப்பு பலமுறை சொல்லிவந்த விடை. அந்த விடையை அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்தது யார்? மனுப் போடாத பிள்ளைகளும், போடவிடாத பெற்றோர்களும்தானே! ஆயிரம் பேர் மனுப் போட்டு, சோதனையில் தேறி, நேர்முகத்துக்கும் போய்வந்து, அதன்பிறகும் இடமில்லை என்றால், அப்போது நாம் கேட்கும் கேள்விக்குப் பலம் உண்டு. வீட்டில் உட்கார்ந்து கொண்டு கேட்கும் கேள்விக்கு என்ன பலம்?

சரி, எஞ்சினியர் வேலை என்றால் என்ன வேலை? பட்டம் பெற்றவர்தான் போக முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பட்டதாரிக்கு எஞ்சினியர் பதவி. முன்பு 41-ஆம் நிலை என்பார்கள். டிப்ளோமா படித்தவருக்கு உதவி எஞ்சினியர் பதவி. அது 29-ஆம் நிலை. 2024 டிசம்பர் முதல் நடப்புக்கு வந்த புதிய சம்பளத் திட்டத்தில் இவை 9-ஆம் நிலை, 5-ஆம் நிலை என்று பெயர் மாறிவிட்டன. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு 41-ஐத் தேடி, காணோமே என்று திகைக்க வேண்டாம். இவற்றுக்கும் கீழே எஸ்.பி.எம். சான்றிதழோடும் தொழில்திறன் சான்றிதழோடும் நுழையக்கூடிய தொழில்நுட்ப வேலைகள் இருக்கின்றன. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மிகவும் தோதானது நடுவில் உள்ள உதவி எஞ்சினியர் பதவி என்பது நமது எண்ணம். ஈப்போவில் 1969-இல் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக் முதற்கொண்டு நாடெங்கும் பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. செலவு குறைவு. மூன்று வருஷப் படிப்பு. பிறகு வேலை பார்த்துக்கொண்டே பட்டத்துக்கும் படிக்கலாம்.

இந்த வேலைகளுக்கு ஆள் எடுப்பது பொதுச் சேவை ஆணையம். எஸ்.பி.ஏ. என்றால்தான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பொதுப்பணி, வடிகால் நீர்ப்பாசனம் போன்ற கூட்டரசு இலாகாக்களுக்கு அங்கே மனுப் போட வேண்டும். சிலாங்கூர், பேராக், ஜொகூர் போன்ற மாநிலங்களுக்குத் தனி ஆணையம் உண்டு. நகராண்மைக் கழகங்கள் தாங்களே ஆள் எடுக்கும். பெரியவர்கள் சிலர் மின்சார வாரியத்தை இன்னும் கவர்மெண்டு என்றே சொல்கிறார்கள். பழைய எல்.எல்.என். 1990-இலேயே தெனாகா நேஷனல் கம்பெனி ஆகிவிட்டது. அங்கே வேலை வேண்டுமானால் அதற்குத் தனி மனு.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். சோதனைக்குத் தயார் செய்வது என்றால் கடைசி மாதத்தில் தடித்த புத்தகம் ஒன்றை வாங்கிவைத்துப் புரட்டுவது என்று நினைக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளை தோற்பது அந்தப் புத்தகத்தில் அல்ல. அதற்கு ஐந்தாறு வருஷத்துக்கு முன்பே, எஸ்.பி.எம். மலாய்த் தாளில் தோற்கிறது. இந்தப் பதவிகளுக்கு மலாய் மொழியில் கிரெடிட் வேண்டும். கணக்கில் ஏ, இயற்பியலில் ஏ வாங்கி, எஞ்சினியர் பட்டமும் வாங்கிய பிள்ளைக்கு அந்த ஒரு கிரெடிட் இல்லையென்றால் கதவு திறக்காது.

தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் மலாய் வரவில்லை என்று சிலர் உடனே பழியைத் தூக்கித் தமிழ்ப்பள்ளிமேல் போடுவார்கள். அதை நாம் ஏற்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்து மலாயில் முதல் நிலை வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். கோளாறு வேறு இடத்தில். கடையில் பேசுகிற மலாய் வேறு, தாளில் எழுதுகிற மலாய் வேறு. பேசத் தெரிந்துவிட்டது என்ற தைரியத்தில் எழுதிப் பழகுவதில்லை. கட்டுரையில் பேச்சு மலாய் நுழைந்துவிடுகிறது, மார்க்கு போய்விடுகிறது. முன்பெல்லாம் ஆறாம் ஆண்டில் ஒரு சோதனை, மூன்றாம் படிவத்தில் ஒரு சோதனை என்று பெற்றோருக்கு எச்சரிக்கை மணி அடிக்கும். யு.பி.எஸ்.ஆர். 2021-இல் எடுக்கப்பட்டது, பி.தி.3 2022-இல் எடுக்கப்பட்டது. ஆகவே பள்ளிக்கூடம் அனுப்பும் மதிப்பீட்டு அறிக்கையைப் பெற்றோர் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். படிக்கத் தெரியவில்லையென்றால் ஆசிரியரிடம் போய், "சார், என் பிள்ளைக்கு மலாய் எழுத வருதா, வரலையா?" என்று நேராகக் கேளுங்கள். அதில் வெட்கம் என்ன? ஏற்கெனவே கிரெடிட் கிடைக்காமல் போனவர்கள் அந்தத் தாளை மட்டும் மறுபடி எழுதலாம். இருபத்தைந்து வயதில் எழுதினாலும் கிரெடிட் கிரெடிட்தான்.

இன்னொன்று பத்திரம். அரசாங்க வேலை பிரஜைகளுக்குத்தான். தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் சரியாக எடுக்காமல், சிவப்பு அடையாளக் கார்டோடு நிற்கிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். படிப்பெல்லாம் முடிந்தபிறகு இருபத்து மூன்று வயதில் பதிவு இலாகாவுக்கு ஓடுவதில் பிரயோஜனம் குறைவு. பன்னிரண்டு வயதில் மைகார்டு எடுக்கும்போதே தெரிந்துவிடும். பெயரில் எழுத்துப்பிழை, அப்பா பெயர் ஒரு பத்திரத்தில் ஒருமாதிரி, இன்னொன்றில் வேறுமாதிரி என்றால் அப்போதே திருத்துங்கள்.

தனியார் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுமுன், அந்தக் கல்லூரியின் எஞ்சினியரிங் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 1967-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி எஞ்சினியராக வேலை பார்ப்பவர் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அங்கீகாரமில்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே போனால் திருப்பி அனுப்புவார்கள். கல்லூரிக்காரர் தரும் வர்ணப் புத்தகத்தை நம்பாதீர்கள். எந்தெந்தப் படிப்புக்கு அங்கீகாரம் என்ற பட்டியல் வாரியத்தின் இணையப் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளையைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மனு இப்போது காகிதப் பாரம் அல்ல, எல்லாம் இணையம்தான். எஸ்.பி.ஏ. பக்கத்தில் பெயரைப் பதிய வேண்டும். பதிவு ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். ஒருமுறை பதிந்துவிட்டு, "கூப்பிடவே இல்லை" என்று மூன்று வருஷம் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. எப்படிக் கூப்பிடுவார்கள்? பதிவே செத்துப் போயிருக்கும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பதிந்தால் மட்டும் போதாது. பதவி விளம்பரம் வரும்போது அதற்கென்று மனுச் செய்யவும் வேண்டும். கொடுத்த மின்னஞ்சலையும் டெலிபோன் நம்பரையும் மாற்றாதீர்கள். மாற்றினால் பதிவிலும் மாற்றுங்கள். சோதனைக்கு வந்த அழைப்பைப் பார்க்காமலே விட்டவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

சோதனையில் என்ன வரும்? பதவிக்குப் பதவி பாகங்கள் மாறும். அழைப்போடு வரும் குறிப்பை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். பொது அறிவு, சிக்கல் தீர்க்கும் திறன், ஆங்கிலக் கருத்தறிதல் ஆகியவை வழக்கமாக வருபவை. நேரம் மிகக் குறைவு. எஞ்சினியரிங் பாடத்தில் கெட்டிக்காரனாக இருந்தும் பொது அறிவில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். 1970-இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள், அரசியலமைப்பு, அமைச்சர்கள், வரவு செலவுத் திட்டம், 2026 முதல் 2030 வரைக்குமான 13-ஆவது மலேசியத் திட்டம் இவையெல்லாம் பாடப் புத்தகத்தில் இருப்பதில்லை. தினமும் அரைமணி நேரம் ஒரு மலாய்ப் பத்திரிகை, ஓர் ஆங்கிலப் பத்திரிகை படிக்க வேண்டும். தமிழ்ப் பத்திரிகையையும் படியுங்கள் என்று சொன்னால் சொந்தச் சரக்கை விற்கிறோம் என்பீர்கள், ஆனாலும் சொல்கிறோம்.

சிக்கல் தீர்க்கும் பகுதியைக் கண்டு பயப்படவே தேவையில்லை. நம் பிள்ளைகள் அதைத் தோட்டத்திலேயே பார்த்து வளர்ந்தவர்கள். 12 பேர் 15 நாளில் வெட்டும் கால்வாயை 20 பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? பன்னிரண்டைப் பதினைந்தால் பெருக்கினால் 180 ஆள்நாள். அதை இருபதால் வகுத்தால் 9 நாள். எந்த மண்டோரும் மனத்திலேயே போடுகிற கணக்கு இது. இன்னொன்று கொஞ்சம் தந்திரமானது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி, ஆலைக்கு 30 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. காலியாகத் திரும்பும்போது மணிக்கு 60. சராசரி வேகம் என்ன? அவசரத்தில் 45 என்று எழுதிவிடுவோம். போக ஒரு மணி, வர அரை மணி. மொத்தம் ஒன்றரை மணியில் 60 கிலோமீட்டர். ஆகவே 40. இந்த மாதிரிக் கணக்கை, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு தினமும் பத்துப் போட்டுப் பழகினால் மூன்று மாதத்தில் கை தானாக ஓடும்.

தோட்டத்தை நாம் எப்போதும் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். எஞ்சினியரிங் கண்ணோடு பார்த்தால் தோட்டம் ஒரு பாடசாலை. செம்பனை மரங்களை முக்கோணமாக 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். ஏன் சதுரமாக நடவில்லை? முக்கோணமாக நட்டால் வரிசைக்கும் வரிசைக்கும் இடையே ஏறக்குறைய 7.8 மீட்டர் போதும். ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 143 மரம் நிற்கும். சதுரமாக நட்டால் 123-தான். நாம் நடந்து போகும் காட்டில் வடிவகணிதம் நிற்கிறது! ஆலைப் பாய்லரில் எரிவது என்ன? பிழிந்த பழத்தின் நாரும் கொட்டை ஓடும். அந்த நீராவி டர்பைனைச் சுற்றி மின்சாரம் தருகிறது. பிறகு அதே நீராவிதான் குலையை வேகவைக்கவும் போகிறது. மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை இதைப் புத்தகத்தில் படமாகப் பார்க்கிறது. பாய்லரில் வேலை பார்க்கும் அப்பாவிடம் ஒருநாள் உட்கார்ந்து கேட்டால், படத்தில் இல்லாததையும் அவர் சொல்லுவார்.

நேர்முகத் தேர்வில்தான் இது கைகொடுக்கும். சோதனையில் தேறி நேர்முகத்துக்குப் போகும் நம் பிள்ளைகளில் பலர் வாயடைத்துப் போகிறார்கள். தலை குனிந்து, கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில். பெரியவர் எதிரில் அதிகம் பேசக்கூடாது என்று துரை காலத்துப் பழக்கம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. அங்கே பேசத்தான் வேண்டும். "உங்கள் ஊரில் வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது எல்லோருக்கும் தெரியும். 2007-இல் திறந்த கோலாலம்பூர் ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளத்துக்கு மழைநீரைக் கடத்துகிறது என்று புத்தகம் படித்தவர் எல்லோரும் சொல்லுவார்கள். ஆனால் கேரித் தீவு பக்கம் வளர்ந்த பிள்ளை, கடல் ஏறும்போது மதகை மூடி, இறங்கும்போது திறந்து தோட்டத்துத் தண்ணீரை வெளியேற்றுவதைக் கண்ணால் பார்த்தது. அதைச் சொல்ல வேண்டும். 1993 டிசம்பர் 11-ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்டார்கள். பின்புறத்து மலைச்சரிவில் வடிகால் போதாமல் போனதும், தடுப்புச் சுவர்கள் தாங்காமல் போனதும் அதில் பெரிய காரணங்கள். மேட்டுக்காட்டில் மழைக்காலத்தில் கால்வாய் அடைத்துக்கொண்டால் மண் எப்படி நகரும் என்று நம் பிள்ளைக்குத் தெரியாதா? தெரியும். அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் ஐந்து வாக்கியத்தில் சொல்லப் பழகவில்லை, அவ்வளவுதான். கண்ணாடி முன் நின்று பேசுங்கள். தம்பி தங்கைகளை அதிகாரி மாதிரி உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். "பொம்பளப் பிள்ளைக்கு எஞ்சினியர் வேலை எதுக்கு, வெயில்ல நிக்கணுமே" என்கிறவர்கள், அந்தப் பிள்ளையின் அம்மா முப்பது வருஷமாக எந்த வெயிலில் நின்றாள் என்று ஒருகணம் நினைத்துப் பார்க்கட்டும்.

படிக்க இடம்? இதுதான் பெரிய பாடு. இரண்டு அறை லயத்து வீட்டில் ஒரு பக்கம் டி.வி., ஒரு பக்கம் சமையல், நடுவில் பிள்ளை. அதிலும் இணையச் சோதனை வந்தபிறகு புதுத் தொல்லை. குறித்த நேரத்தில் இணையம் இருக்குமிடத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். கைப்பேசியில் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருக்கும் தோட்டத்தில் அதை எழுதினால் பாதியில் நின்றுபோகும். சோதனைக்கு முந்தின வாரமே இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும். அருகில் உள்ள நூலகம் ஒன்று. கிராமப்புற இணைய மையம் இன்னொன்று. அதற்கு 2024-இல் நாடி என்று பெயர் மாற்றினார்கள். ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்தான். நமக்கோ நாடிப் போ என்று சொல்வதுபோல் இருக்கிறது! பட்டணத்தில் அண்ணன், அக்கா வீடு இருந்தால் முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "அதிகாரியை எனக்குத் தெரியும், ஐயாயிரம் வெள்ளி கொடு, வேலை கைக்கு வரும்" என்று தோட்டம் தோட்டமாகச் சுற்றுபவன் வந்தால் வாசலோடு அனுப்புங்கள். எஸ்.பி.ஏ.-யில் பதியக் காசு இல்லை. கடனை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஏமாந்ததை வெளியில் சொல்லவும் கூச்சப்பட்டுக் கிடக்கும் குடும்பங்களால்தான் அவன் அடுத்த தோட்டத்துக்குத் தைரியமாகப் போகிறான்.

முதல் தடவையிலேயே கிடைத்துவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். இடங்கள் சில, எழுதுபவர்கள் மிகப் பலர். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எழுதித்தான் பலர் உள்ளே போகிறார்கள். இடையில் சும்மா இருக்கவும் வேண்டாம். தனியாரிடம் வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம், அந்த அனுபவம் நேர்முகத்தில் உதவும். வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். முதல் தடவை தவறியதும், "அப்பவே சொன்னேனே, கொடுக்க மாட்டான்னு" என்று ஆரம்பிக்காதீர்கள்.

தோட்டத்துக் கோயில் கமிட்டியாரிடம் கடைசியாக ஒன்று கேட்கிறோம். திருவிழாவுக்கு மைக் செட்டுக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் வருஷா வருஷம் பணம் திரட்டுகிறீர்கள், சந்தோஷம். மற்ற நாளில் மண்டபம் பூட்டித்தானே கிடக்கிறது? ராத்திரி ஏழு மணியிலிருந்து பத்து மணிவரைக்கும் திறந்துவிட்டு, நாலு மேசை, ஒரு காற்றாடி போட்டு, மாதாமாதம் இணையத்துக்கு உள்ள காசைக் கமிட்டியே கட்ட முடியாதா? வருகிற பொதுக்கூட்டத்தில் யாராவது எழுந்து நின்று கேளுங்கள்.